காற்று நகரத்து நால்வர்: ஜப்பானியப் பாட்டின் 1981

1981 மார்ச் 21, சனிக்கிழமை. ஜப்பானிய இசைத்தட்டுக் கடைகளுக்கு அன்று இரண்டு எல்பிக்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒன்றின் அட்டை முழுக்க நீச்சல்குளமும் வெயிலும்: எய்ச்சி ஓட்டாக்கியின் 'எ லாங் வெகேஷன்'. மற்றது யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ராவின் 'பிஜிஎம்', இயந்திரத் தாளமும் இருண்ட மனநிலையுமாக. அடுத்தடுத்துக் கேட்டால் இரண்டும் ஒரே நாட்டில் பிறந்தவை என்றுகூடத் தோன்றாது. ஆனால் ஓட்டாக்கியும், ஆர்க்கெஸ்ட்ராவை ஆரம்பித்த ஹருஓமி ஹோசோனோவும் பத்து வருடம் முன்பு ஒரே நால்வர் குழுவில் இருந்தவர்கள். குழுவின் பெயர் ஹேப்பி எண்ட். மீதி இருவர், கிட்டார் வாசித்த ஷிகேரு சுசுகியும், டிரம்ஸ் வாசித்துப் பாடல் வரியும் எழுதிய தகாஷி மட்சுமோட்டோவும்.

எண்பதுகளின் ஜப்பானியப் பாட்டைத் தேடுகிறவர்களில் அதிகம் பேர் சிட்டி பாப் எனப்படும் நகர வாசனை கொண்ட மெருகான பாப் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். அதனால் 1982-க்கும் 1984-க்கும் நேராகப் போய்விடுகிறார்கள். என் ஓட்டு 1981-க்குத்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் விற்காத ராக் வாசித்துக்கொண்டிருந்த அந்த நால்வரும், வெகுசன சினிமா-தொலைக்காட்சிப் பாட்டான கயோக்கியொக்குவின் சமையலறைக்குள்ளேயே நுழைந்து அடுப்பைப் பிடித்த வருடம் அது. மேடையில் நின்று அல்ல, தட்டின் பின்னட்டையில் சின்ன எழுத்தில் வரும் பெயர்களாக.

அந்தப் பின்னட்டையைப் படிக்கத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. ஜப்பானிய சிங்கிள் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள சிறு தட்டு) எதிலும் மூன்று சொற்கள் கட்டாயம் இருக்கும்: சகுஷி, சக்கியொக்கு, ஹென்கியொக்கு. அதாவது வரி, மெட்டு, இசைக்கோர்ப்பு. கயோக்கியொக்குவில் இந்த மூன்றும் மூன்று ஆட்களின் வேலை, பாடுவது நான்காவது ஆளின் வேலை. 'யார் பாடினார்' என்று மட்டும் தேடினால் 1981-இன் பாடல்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாத உதிரிகளாகவே கிடக்கும். சகுஷி என்ற இடத்தில் யார் பெயர் என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ஒரிக்கான் நிறுவனத்தின் அந்த ஆண்டுக்கான சிங்கிள் விற்பனைப் பட்டியலில் முதல் ஐந்தில் மூன்று பாட்டுக்கு வரி எழுதியவர் மட்சுமோட்டோ: அகிரா தெராவோ பாடிய 'ரூபி நோ யுபிவா', மசாஹிகோ கோண்டோவின் 'ஸ்னீக்கர் ப்ளூஸ்', இமோகின் ட்ரியோவின் 'ஹைஸ்கூல் லல்லபை'. பாடியவர்கள் முறையே ஒரு நடிகர், ஐடல் எனப்படும் ஒரு பதின்வயது நட்சத்திரம், ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் மூன்று பையன்கள். மெட்டுப் போட்டவர்களும் மூன்று வேறு ஆட்கள். பேனா ஒன்றுதான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1970, 71 வாக்கில் ஜப்பானில் ஒரு சண்டை நடந்தது: ராக்கை ஜப்பானிய மொழியில் பாட முடியுமா, ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா? வெட்டிச் சண்டையாகத் தோன்றலாம், ஆனால் அதற்குள் உண்மையான தொழில் சிக்கல் ஒன்று இருக்கிறது. தமிழில் மாத்திரை தெரிந்தவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

ஜப்பானியர்களும் நம்மைப் போலக் குறிலுக்கு 1, நெடிலுக்கு 2 என்று எண்ணுகிறவர்கள். தனி மெய் வரும் இடத்தில்தான் வழி பிரிகிறது. நமக்கு அது அரை மாத்திரை. அவர்களுக்கு 'ன்' முழுசாக ஒன்று, இரட்டிக்கும் ஒற்றும் ஒன்று. 'நிப்பொன்' என்றால் நி, ப், பொ, ன் என்று நான்கு தட்டு. 'டோக்கியோ'வும் தோ-ஒ-கியோ-ஒ என நான்கு. இப்போது ராக் மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரீட்' என்ற சொல் ஒரே சுரத்தில் உட்கார்ந்துவிடும். அதையே ஜப்பானிய வாயில் சொன்னால் சு-தொ-ரி-இ-தொ, ஐந்து. ஆங்கில ராக்குக்குப் போட்ட மெட்டில் ஜப்பானிய வரியை வைத்தால் ஒன்று பொருள் பாதியாகக் குறையும், அல்லது சொற்கள் பேருந்துக் கூட்டம் மாதிரி நெரியும். ஹேப்பி எண்ட் கண்ட வழி, சொல்லை அதன் எல்லையில் நிறுத்தாமல் நடுவில் வெட்டி இரண்டு சுரத்துக்குப் பகிர்வதும், உயிரெழுத்தை இழுத்துத் தாளத்தின் இடைவெளியில் தொங்கவிடுவதும். 1971 நவம்பர் 20-இல் வந்த அவர்களது இரண்டாவது எல்பியான 'கஸேமாச்சி ரோமன்' இதற்குப் பாடப்புத்தகம். கஸே என்றால் காற்று, மாச்சி என்றால் ஊர். காற்று நகரம். டோக்கியோ ஒலிம்பிக்குக்காக இடிபட்டு மாறிப்போன பழைய டோக்கியோவுக்கு மட்சுமோட்டோ வைத்த பெயர் அது. இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குழு கலைந்த பின் மட்சுமோட்டோ டிரம்ஸை விட்டுவிட்டுப் பிறருக்கு வரி எழுதப் போனார். 1974-இல் ஆக்னஸ் சான், 1975 கடைசியில் ஹிரோமி ஓட்டா என்று வரிசையாக வெற்றி. பழைய ராக் நண்பர்கள் சிலருக்கு இது விலைபோனதாகப் பட்டது. சுரத்துக்கும் சொல்லுக்கும் இருந்த பழைய சண்டையை ஒரு சம்பளக்காரனின் ஒழுங்கோடு தினமும் போட்டுத் தேறினார் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

'ரூபி நோ யுபிவா', அதாவது ரூபி மோதிரம், 1981 பிப்ரவரி 5-இல் வெளியானது. மெட்டு தெராவோ அகிராவே போட்டது. அறுபதுகளில் தி சாவேஜ் என்ற குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர், பிறகு நடிகரானவர். இசைக்கோர்ப்பு, பாராசூட் குழுவின் கீபோர்ட்காரர் அகிரா இனோவே. பாட்டில் தெராவோ உரக்கப் பாடும் இடமே கிடையாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முணுமுணுப்பும் பேச்சும் கலந்த தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போகிறார். கீழே ரிதம் மட்டும் நிற்காமல் நடக்கிறது. கயோக்கியொக்கு வழக்கப்படி சபி எனப்படும் உச்சப்பகுதி வந்தால் குரல் ஏற வேண்டும், வயலின்கள் பொங்க வேண்டும். இங்கே உச்சத்திலும் ஆள் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

வரியைக் கவனியுங்கள். பிரிந்துபோகும் பெண் மோதிரத்தைக் கழற்றுகிறாள். இரண்டு வருடம் கழித்தும் தெருவில் பேஜ் நிறக் கோட் அணிந்த யாரையாவது பார்த்தால் அவன் கண் தானாக அவள் விரலில் ரூபியைத் தேடுகிறது. 'சோகம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு கோட், ஒரு மோதிரம், ஒரு விரல். மட்சுமோட்டோவின் கைவேலை முழுக்க இதுதான். அந்த வருடத் தலைப்புகளையே பாருங்கள்: ஸ்னீக்கர், ரூபி மோதிரம், ப்ளூ ஜீன்ஸ், வெள்ளைக் குடை. கடைவீதிப் பட்டியல் மாதிரி இருக்கிறது. பொருளை முன்னால் வைத்துவிட்டு உணர்ச்சியை அதன் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார். பாட்டின் முதல் வரியிலேயே, பனி படர்ந்த கண்ணாடிக்கு அப்பால் ஊர் ஒன்று தெரிகிறது. அது எந்த ஊர்? காற்று நகரம். பத்து வருடம் முன்பு வெகு சிலரே கேட்ட ஒரு ராக் எல்பியின் சொல், நாடே முணுமுணுத்த பாட்டின் வாசலில் சத்தமில்லாமல் வந்து நின்றது.

ஒரிக்கான் வாரப் பட்டியலில் தொடர்ந்து 10 வாரம் முதலிடம். பத்து லட்சத்துக்கு மேல் விற்பனை. ஏப்ரலில் வந்த தெராவோவின் 'ரிஃப்ளெக்ஷன்ஸ்' எல்பி அந்த ஆண்டின் அதிகம் விற்ற எல்பி. டிபிஎஸ் தொலைக்காட்சியின் 'தி பெஸ்ட் டென்' நிகழ்ச்சியிலோ 12 வாரம் தொடர்ந்து முதலிடம், அங்கே அது சாதனை.

'தி பெஸ்ட் டென்' பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காலத்துத் தரவரிசை எண்கள் குழப்பும். 1978 ஜனவரியில் தொடங்கிய நிகழ்ச்சி, வியாழன் இரவு 9 மணி, நேரலை. ஒரிக்கான் என்பது தட்டு விற்பனை மட்டும். பெஸ்ட் டென் அதோடு வானொலி நிலையங்களின் தரவரிசை, நேயர் அனுப்பும் அஞ்சலட்டை, யூசென் கோரிக்கை ஆகியவற்றையும் சேர்த்துப் புள்ளி போடும். யூசென் என்பது மதுக்கடைக்கும் காபிக் கடைக்கும் கம்பி வழியாக வரும் இசைச்சேவை, வாடிக்கையாளர் தொலைபேசியில் பாட்டுக் கேட்கலாம். எனவே ஒரே வாரத்தில் ஒரே பாட்டுக்கு இரண்டு பட்டியலில் இரண்டு இடம் இருக்கும், இரண்டுமே சரி. 'முதலிடம்' என்று எங்கேனும் படித்தால் எந்தப் பட்டியல் என்று கேட்காமல் நம்பக் கூடாது. ஐடல் பாட்டு முதல் வாரமே தட்டு விற்றுத் தள்ளி மேலே ஏறி, சீக்கிரம் இறங்கும். எங்கா எனப்படும் பழைய பாணிச் சோகப் பாட்டு மதுக்கடை யூசெனில் மாதக்கணக்கில் ஊறி மெதுவாக ஏறும். இரண்டு வகை ஏற்றத்தையும் ஒரே மேடையில் நிறுத்திய நிகழ்ச்சி அது. பாடகர் ஸ்டுடியோவுக்கு வர முடியாவிட்டால் ரயில் நிலையம், விமான நிலையம் என்று ஆள் இருக்கும் இடத்துக்கே கேமரா போகும். வரவே மாட்டேன் என்றவர்களும் உண்டு. அப்போது தொகுப்பாளர் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்பார்.

தொகுப்பாளர் இருவர். ஆண், ஹிரோஷி குமே. பெண், டெட்சுகோ குரோயநாகி. ஆமாம், தமிழிலும் பலர் படித்த 'டோட்டோ-சான்' புத்தகத்தை எழுதியவர்தான். அந்தப் புத்தகம் ஜப்பானில் வெளிவந்ததும் இதே 1981-இல்தான்.

இனி 'எ லாங் வெகேஷன்'. இதில் நின்று நிதானமாகப் பார்க்க நிறைய இருக்கிறது.

ஓட்டாக்கி என்ற பெயருக்குப் 'பெரிய அருவி' என்று பொருள். அதனால் தன் லேபிளுக்கு நயாகரா என்று பெயர் வைத்துக்கொண்ட மனிதர். எழுபதுகள் முழுக்க நகைச்சுவையும் தாள விளையாட்டும் கலந்த எல்பிக்களை வரிசையாகப் போட்டார். ரசிகர் வட்டம் சிறிது, விற்பனை அதைவிடச் சிறிது. இந்த முறை மெட்டை நேராகப் போடுவது, வரியைப் பழைய நண்பனிடம் கொடுப்பது என்று முடிவு செய்தார். 10 பாட்டில் 9-க்கு வரி மட்சுமோட்டோ. இசைப்பதிவு 1980 வசந்தத்தில் தொடங்கியது, ஜூலை 28-க்கு, அதாவது ஓட்டாக்கியின் பிறந்தநாளுக்கு, வெளியிடுவதாகத் திட்டம். இடையில் மட்சுமோட்டோவின் தங்கை இறந்துபோனார். எழுத முடியவில்லை, வேறு ஆளை வைத்துக்கொள் என்றார் மட்சுமோட்டோ. ஓட்டாக்கி வேறு ஆள் தேடவில்லை, வெளியீட்டைத் தள்ளிப்போட்டுக் காத்திருந்தார். தங்கை போனபின் ஷிபுயா தெருவில் நடந்தபோது ஊரே நிறம் இழந்து கறுப்பு வெள்ளையாகத் தெரிந்ததாக மட்சுமோட்டோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் பாட்டான 'கிமி வா தென்னென்ஷொக்கு'வில் நினைவுகள் கறுப்பு வெள்ளையாக இருப்பதும், அவற்றுக்கு நிறம் கேட்பதும் அங்கிருந்து வந்தவை. கோடைகாலப் பாட்டு என்று கடற்கரைத் தொகுப்பில் போடுகிறார்கள். போடட்டும், ஆனால் அட்டையின் வெயிலை நம்பி உள்ளே போகிறவர்களுக்கு நிழல்தான் காத்திருக்கிறது.

ஒலியை எப்படிக் கட்டினார்? அமெரிக்காவில் அறுபதுகளின் தொடக்கத்தில் ஃபில் ஸ்பெக்டர் செய்த 'ஒலிச்சுவர்' முறைதான் மாதிரி. அதன் அடிப்படை எளிது, செய்வது கஷ்டம். ஒரே கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை, ஒரு கிட்டார் வாசித்தால் கிட்டார் கேட்கும். நான்கைந்து பேர் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்தால், ஆளுக்கு ஆள் ஏற்படும் நூலிழை நேர வித்தியாசத்தாலும் சுருதி வித்தியாசத்தாலும், கிட்டார் என்ற தனி அடையாளம் கரைந்து ஒரு பளபளப்பு மட்டும் மிஞ்சும். அதோடு பல பியானோ, பல தாளக் கருவிகள். ஒவ்வொரு மைக்கிலும் பக்கத்து ஆளின் சத்தமும் கசியும். சாதாரணப் பதிவில் அந்தக் கசிவு தொல்லை, இங்கே அதுதான் காரை. மேலே எதிரொலியைப் பூசினால் சுவர். டோக்கியோவில் சிபிஎஸ் சோனியின் ரொப்பொங்கி ஸ்டுடியோவில், தமோட்சு யோஷிடா ஒலிப்பொறியாளராக இருக்க, இப்படித்தான் கூட்டமாக உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள்.

இதில் தவறு எங்கே வரும்? ஒருவர் பிசகினால் அவர் தடத்தை மட்டும் அழித்து மறுபடி எடுக்க முடியாது, பிசகு எல்லோர் மைக்கிலும் பதிந்திருக்கும். மொத்தக் கூட்டமும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். டிரம்ஸ் கொஞ்சம் ஓங்கி அடித்தால் அகௌஸ்டிக் கிட்டார் மைக்குகளுக்குள் புகுந்து பளபளப்பை மூடிவிடும். ஒலிக்கலவை செய்யும்போது கிட்டாரை ஏற்றினால் டிரம்ஸும் கூடவே ஏறும். எனவே ஒலியின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் ஆட்களை அறையில் உட்காரவைக்கும் நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. முதல் பாட்டின் தொடக்கத்தில் சுருதி சேர்க்கும் பியானோ ஒலியும், பிறகு டிரம் குச்சிகளைத் தட்டி எண்ணுவதும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. வேறு எவரும் வெட்டி எறிந்திருப்பார்கள். இத்தனை பேர் ஓர் அறையில் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறார்கள் என்பதை அந்தச் சில நொடிகள் காட்டிக்கொடுக்கின்றன.

கேட்கும் இடத்திலும் ஒரு எச்சரிக்கை. இந்த எல்பியைப் போன் ஸ்பீக்கரில் கேட்டால் சுவர் கூழாகிவிடும், நடுவில் குரல் மட்டும் மிதக்கும். ஓரளவு அகன்ற ஹெட்ஃபோனில் சத்தத்தைக் குறைத்து வைத்து, பின்னால் நடப்பதைக் கேளுங்கள். இரண்டாம் பக்கத்தின் 'கோய்சுரு காரென்' இதற்குச் சரியான பரீட்சை. ஓட்டாக்கியின் குரல் மென்மையாக இருந்தும் அமுங்கிப்போகாமல் நிற்பது ஏன் என்று அதில் புரியும்: கருவிகள் எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாகிவிட்டதால், குரலுக்குப் போட்டி ஒன்றே ஒன்றுதான்.

ஹோசோனோ பக்கம் முழுக்க வேறு பட்டறை. அங்கே கூட்டமே இல்லை. மைக்ரோகம்போசர் என்ற ரோலண்ட் கருவியில் ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று எண் தட்ட வேண்டும்: சுரம் எது, அடுத்த சுரம் எவ்வளவு நேரம் கழித்து, இந்தச் சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும். நடு எண்ணில் ஒரு பிழை விட்டால் அதன்பின் உள்ள அத்தனை சுரமும் தாளத்தைவிட்டு நகர்ந்துவிடும். கடைசி எண்ணைக் கூட்டிக் குறைத்தால் அதே மெட்டு வெட்டி வெட்டி நடக்கும், அல்லது வழுக்கிக்கொண்டு போகும். இவர்களின் 'துள்ளல்' என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த மூன்றாவது எண்ணில் இருக்கிறது. 'பிஜிஎம்' எல்பியில் ரோலண்டின் டிஆர்-808 தாளப்பெட்டியும் உண்டு. பின்னாளில் அமெரிக்க ஹிப்ஹாப்பின் முதுகெலும்பான அதே பெட்டி, கடைக்கு வந்து அதிக நாள் ஆகாத நேரம். அந்த எல்பியில் 'ஹேப்பி எண்ட்' என்றே ஒரு பாட்டு இருக்கிறது. போட்டவர் ஆர்க்கெஸ்ட்ராவின் இன்னொரு உறுப்பினர் ரியூயிச்சி சகாமோட்டோ, பழைய குழுவோடு அவருக்குச் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் மார்ச் 21 அன்று அந்தப் பெயர் தட்டில் இருந்தது வேடிக்கைதான்.

நவம்பர் 21-இல் அவர்களே 'டெக்னோடெலிக்' வெளியிட்டார்கள். தோஷிபா ஈஎம்ஐ பொறியாளர் ஒருவர் கையால் கட்டிய எல்எம்டி-649 என்ற சாம்ப்ளர் (எந்தச் சத்தத்தையும் பதிந்து வாசிக்க வைக்கும் கருவி) வைத்து, இயந்திரச் சத்தம், மனிதக் குரல் துண்டு எல்லாவற்றையும் தாளக் கருவியாக்கிய எல்பி. சாம்ப்ளிங்கை மையமாக வைத்த முதல் பாப் எல்பிக்களில் இதையும் சேர்க்க வேண்டும். விற்பனை முந்தைய உயரத்தைத் தொடவில்லை, மெட்டுகளும் முகம் கொடுப்பதில்லை. மூன்று தடவை கேட்ட பிறகுதான் திறக்கிறது.

இதே ஹோசோனோதான் ஆகஸ்டில் 'ஹைஸ்கூல் லல்லபை'க்கு மெட்டும் இசைக்கோர்ப்பும் செய்தார். கின்இச்சி ஹகிமோட்டோவின் ஃபுஜி தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் நல்ல பையன், கெட்ட பையன், சாதாரணப் பையன் என்று வந்த மூவர்தான் இமோகின் ட்ரியோ. தன் ஆர்க்கெஸ்ட்ராவின் புகழ்பெற்ற சின்தசைசர் துள்ளலையே எடுத்து, கொஞ்சம் கிண்டலாக மாற்றி, பள்ளிக்கூடக் காதலுக்குப் போட்டார். வரி மட்சுமோட்டோ. பத்து லட்சம் தாண்டியது. தன் தீவிர வேலைக்குக் கிடைக்காத வெற்றி கேலிக்குக் கிடைத்தால் பலருக்குக் கசக்கும். ஹோசோனோ அதற்குப் பின்னும் ஐடல்களுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார், கசந்த மாதிரித் தெரியவில்லை.

நான்கு பேரில் மூவர் ஒரே தட்டில் கூடியது அக்டோபரில். இடம், ஐடல் பாடகி செய்க்கோ மட்சுடாவின் தட்டு.

முந்தைய ஐடல் பாடகி மொமோஎ யமகுச்சி 1980 அக்டோபரில் பாட்டை விட்டு விலகிய இடத்தில் மட்சுடா வந்து நின்றார். ஆரம்ப சிங்கிள்களுக்கு வரி யோஷிகோ மியுரா. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் குரல் என்பதால் பாட்டும் உச்சத்திலேயே நிற்கும்படி எழுதப்பட்டது. ஓய்வில்லாத நிகழ்ச்சிகளில் 1981-இல் அந்தக் குரல் கரகரத்தது. ஜூலை 21-இல் வந்த 'ஷிரோய் பாராசோரு' (வெள்ளைக் குடை) மட்சுமோட்டோ அவருக்கு எழுதிய முதல் சிங்கிள், மெட்டு கஸுஓ ஸாய்ட்சு. வேகம் குறைந்தது, மூச்சு விட இடம் வந்தது. அக்டோபர் 7-இல் 'கஸே தாச்சினு'. பொருள், 'காற்று எழுந்தது'. மறுபடியும் காற்று! தட்சுஓ ஹோரியின் நாவல் தலைப்பிலிருந்து எடுத்தது. மெட்டு ஓட்டாக்கி. இசைக்கோர்ப்பில் தராஓ பன்னாய் என்று பெயர் இருக்கும், அதுவும் ஓட்டாக்கிதான். பழைய ஜப்பானியப் படங்களில் ஏழு வேடம் போடும் துப்பறிவாளனின் பெயரைப் புனைபெயராக்கிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் வந்த அதே பெயர் எல்பியைப் பக்கம் பிரித்துக் கேளுங்கள். ஏ பக்கம் ஐந்து பாட்டும் ஓட்டாக்கி மெட்டு: 'எ லாங் வெகேஷன்' சுவரையே ஒரு பெண் குரலுக்காக மறுபடி கட்டியது போல. பி பக்கத்தில் பெரும்பாலான இசைக்கோர்ப்பு ஷிகேரு சுசுகி, அங்கே சுவர் இல்லை, ஜன்னல்கள் நிறைய. எல்லா வரியும் மட்சுமோட்டோ. கரகரத்த குரல் ஏ பக்கத்தின் எதிரொலிக்குள் பட்டுபோல் படிவதும், பி பக்கத்தில் அதே கரகரப்பு பேச்சுபோல் வெளியே தெரிவதும், ஓர் இசைக்கோர்ப்பாளர் என்ன வேலை செய்கிறார் என்பதை வகுப்பெடுத்தாற்போல் காட்டும்.

மற்றவை வேகமாக. மார்ச் 31-இல் பிங்க் லேடி இரட்டையர் கொராகுவென் மைதானத்தில் மழையில் கடைசி நிகழ்ச்சி நடத்திக் கலைந்தனர். பார்வையற்ற அக்கார்டியன் கலைஞர் தெட்சுயா ரியூவின் எங்கா பாட்டு 'ஒகுஹிடா போஜோ' முந்தைய ஆண்டே வந்திருந்தும் 1981 ஆண்டுப் பட்டியலின் முன்வரிசையில் நின்றது. யூமி மட்சுடோயா 'மமொத்தே அகெதாய்' பாட்டால் திரும்ப மேலே வந்தார். நவம்பரில் தகாஓ கிசுகி ஒரே மெட்டை இரண்டு பெயரில் பார்த்தார்: தான் பாடிய 'யுமே நோ தொச்சூ' 10-ஆம் தேதி, நடிகை ஹிரோக்கோ யாகுஷிமாரு பாடிய படத்தலைப்புப் பாட்டு 'செய்லர்-ஃபுக்கு தோ கிகன்ஜூ' 21-ஆம் தேதி. இரண்டுமே ஓடின. தொகுப்பு வாங்கும்போது ஒன்றை மற்றதின் மறுபாடல் என்று தவறாக எழுதியிருப்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம்.

டிசம்பர் 31 இரவு இவர்கள் எல்லோருக்கும் ஓட்டப்பந்தயம். முதலில் ஹிபியாவின் இம்பீரியல் தியேட்டரில் ஜப்பான் ரெக்கார்ட் விருது, அது முடிந்த கையோடு ஷிபுயாவின் என்எச்கே அரங்கில் 9 மணிக்குக் கோஹாக்கு என்ற ஆண்டிறுதித் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி. விருதின் முதல் பரிசு ரூபி மோதிரத்துக்கு, சிறந்த புதுமுகம் மசாஹிகோ கோண்டோ. 'எ லாங் வெகேஷன்' சிறந்த ஆல்பம் விருது ஒன்றைப் பெற்றது.

இந்தத் தட்டுகளைப் பழைய பதிப்பாகத் தேடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சிபிஎஸ் சோனி தட்டுகளில் விலை, தட்டின் வெளியீட்டு எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 'எ லாங் வெகேஷன்' எல்பியின் எண் 27ஏஎச் 1234, முதல் இரண்டு இலக்கத்தை நூறால் பெருக்கினால் 2,700 யென். 28ஏஎச் என்றால் 2,800. மட்சுடாவின் சிங்கிள்கள் 07எஸ்எச், அதாவது 700 யென். இந்த எண்ணோடு அட்டையைச் சுற்றி வரும் ஓபி எனப்படும் காகிதப் பட்டையின் விலையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பட்டை வேறு பதிப்பிலிருந்து மாற்றிப் போட்டது. 1982 அக்டோபர் 1-இல் உலகின் முதல் சிடி பிளேயரோடு விற்பனைக்கு வந்த சிடி வரிசையில் 'எ லாங் வெகேஷன்' 35டிஎச் 1, விலை 3,500 யென். எல்பிக்கும் முதல் சிடிக்கும் பின்வந்த ஆண்டுவிழாப் பதிப்புகளுக்கும் ஒலி ஒன்றாக இருக்காது, ஓட்டாக்கி தன் பழைய பதிவுகளைச் சும்மா விடுகிற ஆள் இல்லை. ஒன்று மட்டும் வாங்குவதானால் 1981 எல்பி.

கூடவே பழைய கேசட்டுகளும் விற்பனைக்கு வரும். 46 நிமிட டேப் அதிகம் இருப்பதற்குக் காரணம் உண்டு: பக்கத்துக்கு 23 நிமிடம், எல்பியின் ஒரு பக்கம் சரியாக அடங்கும். 1980-இல் டோக்கியோவின் மிட்டாகாவில் தொடங்கி வேகமாகப் பரவிய வாடகைத் தட்டுக் கடைகளிலிருந்து எடுத்து வந்து, வீட்டில் பதிந்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார்கள். இசை நிறுவனங்கள் வழக்குக்குப் போக, 1984-இல் சட்டமே திருத்தப்பட்டது. இப்படிப் பதிந்த டேப்பை முதலில் ஓட்டும்முன் ஒரு தடவை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றிவிடுங்கள். நாற்பது வருடமாக ஒரே இடத்தில் அழுந்தியிருந்த சுற்றில் பக்கத்து அடுக்கின் பதிவு மங்கலாக ஒட்டியிருக்கும், பாட்டு தொடங்கும் முன்பே அதன் பேய் மெல்லக் கேட்கும். சுற்றிவிட்டால் கொஞ்சம் குறையும், முழுசாகப் போகாது.